வீட்டின் சுற்றளவு

கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவரின் அடியில் ஒரு வரிசைச் செங்கல் தொடங்கும். மூலையைத் திரும்பி, அடுத்த சுவரில் பாதி தூரம் போய் நின்றுவிடும். வருகிறவர்கள் பூச்செடிக்குக் கட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் இல்லை என்று சொல்வதில்லை. அதை எதற்குக் கட்டத் தொடங்கினேன், ஏன் பாதியில் நின்றது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவன் நான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

என் மனைவி மலையாளி. எனக்குத் தக்கலைப் பக்கம், அவளுக்குப் பாறசாலைப் பக்கம். நடுவில் ஒரு செக்போஸ்ட்தான். அவள் நர்ஸ். அவளுடைய விசாவில் சேர்ந்து 2009இல் நானும் மெல்பர்னுக்கு வந்தேன். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குப் போனாள். நான் ரொட்டித் தொழிற்சாலையில் பேக்கிங்கில் நின்றேன். வீட்டில் அவள் மலையாளம் பேசுவாள், நான் தமிழ் பேசுவேன். அவள் என்னைச் சேட்டா என்பாள், நான் அவளைப் பிள்ளே என்று கூப்பிடுவேன். அதில் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. இங்கே அவள் சொன்னதையெல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன்.

அடுத்த வருடம் மனை வாங்கினோம். அப்போது அந்தத் தெருவில் நான்கு வீடுகள்தான். மற்றதெல்லாம் கல்லும் காற்றும். வீடு கட்டித் தருகிற கம்பெனி ஒன்றின் புத்தகத்தில் முப்பது நாற்பது பிளான் இருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அப்படியே கட்டிக் கொடுப்பார்கள். நான் விலையைப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். அந்த வீட்டுக்கு நடுவில் வெளிச்சம் வருவதற்காக நான்கு பக்கமும் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு சிறிய இடம் விட்டிருந்தார்கள்.

"சேட்டா, இதுதான் நடுமுற்றம்" என்றாள்.

மலையாள நாட்டில் பழைய நாலுகெட்டு வீடுகள் அப்படித்தான் இருக்கும். நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் கூரை இல்லாத முற்றம். மழை பெய்தால் வீட்டுக்குள்ளே பெய்யும். நான்கு சரிவிலிருந்தும் ஓட்டுத் தண்ணீர் அந்தக் குழியில் விழும். இவள் அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாளும் இருந்தவள் இல்லை. அவள் அப்பா மின்சார லைன் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தாள். யாரோ கல்யாணத்துக்குப் போனபோது ஒரு தடவை, கரண்ட் ரிப்பேருக்கு அப்பாவோடு போனபோது ஒரு தடவை, ஆக இரண்டு முறைதான் நாலுகெட்டைப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் தடவை வாசலிலேயே நிற்க வேண்டியிருந்ததாம். "உள்ள வராதேன்னு யாரும் சொல்லல்ல. உள்ள வான்னும் யாரும் சொல்லல்ல" என்பாள். அதனால் இது பழைய வீட்டு ஞாபகம் இல்லை. இல்லாத ஒன்றை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

பிளான் வரைகிற வெள்ளைக்காரர் நல்ல மனிதர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"முற்றத்துக்கு மேல கண்ணாடி போட்டுடலாமா?"

"வேண்டாம்" என்றாள் இவள்.

"மழை உள்ள விழும்."

"அதுக்குத்தான்."

"இலை விழும், ஆலங்கட்டி விழும். குளிர்காலத்துல வீடு ஐஸ்பெட்டி ஆயிடும்."

"கதவைச் சாத்திக்கிறோம்."

அவர் என்னைப் பார்த்தார். "கூரை போடத்தான் எனக்குக் காசு குடுக்கறீங்க. அதுல ஓட்டை விடச் சொல்றீங்க. உங்க மனைவி எப்பவும் இப்படித்தானா?"

"கல்யாணத்துக்கு முன்னால இருந்தே" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். கடைசியில் கதவுகளுக்கு இரட்டைக் கண்ணாடி, முற்றத்தின் தரைக்கு அடியில் பெரிய வடிகால் குழாய் என்று சொல்லி ஒத்துக்கொண்டார். முன்பக்கம் இரண்டு மரத்தூண் வைத்த பூமுகம், அதாவது வாசல் கூடம், அதையும் சேர்த்துக்கொண்டோம். கூரைச் சரிவைக் கொஞ்சம் செங்குத்தாக்கினார். மற்றபடி பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஊரில் இருந்த மாமனாருக்கு ஃபோனில் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம். "இங்க யாரும் இப்போ திறந்த முற்றம் வைக்கறதில்ல மோனே. வைச்சாலும் மேல கண்ணாடி. உள்ள கூழாங்கல்லு, பிளாஸ்டிக் செடி. மழை ஒரு சொட்டு விழாது. விழுந்தா ஏசி போயிருமாம். ஆஸ்திரேலியாவிலதான் நாலுகெட்டு பாக்கணும்போல இருக்கு." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அளவைச் சொல்லு. ஆசாரிகிட்ட கணக்குப் பாக்கணும்" என்றார்.

இந்தக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டின் வெளிச்சுற்றளவைக் கோலிலும் விரலிலும் அளப்பார்கள். இருபத்துநாலு விரல் ஒரு கோல். இன்றைய கணக்கில் எழுபத்திரண்டு சென்டிமீட்டர். அந்தச் சுற்றளவை வைத்துப் பெருக்கி வகுத்தால் வீட்டுக்கு ஒரு வயது வரும். குழந்தைப் பருவம், விடலைப் பருவம், இளமை, முதுமை, மரணம் என்று ஐந்து. முதல் மூன்றும் கொள்ளலாம், இளமை ரொம்ப விசேஷம். முதுமை வேண்டாம். மரணம் வரவே கூடாது. வந்தால் சில விரல் கூட்டியோ குறைத்தோ மாற்றிவிடுவார்கள். அவளுடைய ஊரில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டுக்கும் ஆசாரி இந்தக் கணக்குப் பார்த்துத்தான் கட்டுவார். எங்கள் பக்கத்திலும் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

பிளானை ஸ்கேன் செய்து அனுப்ப எனக்குத் தெரியாது. அதனால் பிளானை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்து அளவையும் தாளில் எழுதி, ஃபோனில் படித்தேன். மாமனார் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துச் சொன்னார். "முதுமைல நிக்குது. பின்பக்கத்தை ரெண்டு விரல் குறைச்சா இளமை வரும்."

வெள்ளைக்காரரிடம் போய் அறுபது மில்லிமீட்டர் குறைக்க வேண்டும் என்றோம். ஏன் என்றார். "மத சம்பந்தம்" என்றாள் இவள். அவர் உடனே பென்சிலை எடுத்துவிட்டார். முற்றத்துக்கு ஒரு மணிநேரம் வாதாடியவர், இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி செய்த சுற்றளவை ஒரு சீட்டில் எழுதி சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். மனையில் முதல் முளைக்குச்சி அடிக்கிற அன்று காலையில் போய் அதற்கு விபூதியும் குங்குமமும் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

2011இல் அவள் கர்ப்பமானாள். நான்காம் மாதம் கான்கிரீட் தளம் போட்டார்கள். ஆறாம் மாதம் மரச்சட்டம் எழும்பியது. இங்கே முதலில் மரத்தில் கூடு கட்டி, கூரை போட்டு, அதற்குப் பிறகுதான் சுற்றிச் செங்கல் வைப்பார்கள். செங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது, ஏழாம் மாதம் முடிகிற நேரம், பிள்ளை அசையவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் செய்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸ் அல்லவா.

ஆண் பிள்ளை. எங்கள் கையில் கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நெற்றியில் விபூதி வைத்தேன். அது அதிகமாகிவிட்டது. இவள் விரலால் துடைத்து அளவாக்கினாள். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

காரணம் எதுவும் தெரியவில்லை என்று அறிக்கை வந்தது. அவள் அதை மூன்று தடவை படித்து, மடித்து, உறையில் போட்டு வைத்தாள்.

அந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவள் நான்கு வாரத்தில் வேலைக்குப் போய்விட்டாள். நான் ரொட்டியைப் பையில் போட்டேன். காலையில் குளித்து விளக்கேற்றுவேன். வாய் சொல்ல வேண்டியதைச் சொல்லும். சாமி படத்தைப் பார்த்தால் படமாகத்தான் இருக்கும். இருந்தாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் காலையில் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிள்ளை பிறந்து இருபத்தெட்டாம் நாள் அரையில் கட்டுவதற்காக அவள் அம்மா ஊரிலிருந்து முன்கூட்டியே கறுப்பு நூல் அனுப்பியிருந்தார். அது சீட்டோடு சேர்ந்து படத்துக்குக் கீழே இருந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

டிசம்பரில் வீட்டுச் சாவி கொடுத்தார்கள். அன்று அவள் வரவில்லை, டியூட்டி என்றாள். அடுத்த வாரம் தலைவலி. அதற்கு அடுத்த வாரம் "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க சேட்டா" என்றாள். செங்கல் வைத்தபிறகு அவள் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. நாங்கள் அப்போது குடியிருந்த வாடகை யூனிட்டின் ஒப்பந்தம் பிப்ரவரி கடைசியில் முடிகிறது, வீட்டுக்காரர் வேறு ஆள் பார்த்துவிட்டார். பிப்ரவரிக்குப் பிறகு எங்கே இருப்போம் என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு பெட்டியும் கட்டவில்லை.

முற்றத்துக்கு ஓடு பதிக்கவும் வீட்டைச் சுற்றி நடைபாதை போடவும் எங்கள் தெருவிலேயே இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரைப் பிடித்தேன். ஐம்பது வயது இருக்கும். இங்கே வந்து இருபது வருடமாக ஓடு பதிக்கிறவர். எந்த வேலைக்கும் ஒரு பகிடி வைத்திருப்பார். முற்றத்தைப் பார்த்ததும், "தம்பி, இதென்ன, வீட்டுக்குள்ள கிணறு தோண்டப்போறியளோ?" என்றார். சொன்னேன். "ஓ, மலையாளத்தாரின்ர ஸ்ரைலோ. நல்லது. குளிக்கிற அறை தனிய வேண்டாம்" என்றார்.

நடைபாதைக்குக் கல் எவ்வளவு வேண்டும் என்று பார்க்க வீட்டைச் சுற்றி டேப் பிடித்தோம். அவர் அளவைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கூட்டியபோது நின்றுவிட்டேன். சீட்டில் எழுதி வைத்த எண் எனக்கு மனப்பாடம். இது அதைவிட ஒரு மீட்டருக்கும் மேல் கூடுதல்.

"அண்ணை, திரும்ப ஒருக்கா அளக்கலாமா?"

"ஏன் தம்பி, வீடு வளந்திட்டுதோ?"

திரும்ப அளந்தோம். அதே அளவு.

யூனிட்டுக்கு வந்து பிளானை எடுத்து விரித்தேன். அவள் டியூட்டியில் இருந்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கோடு இருந்தது. உள்கோடு ஒன்று, வெளிக்கோடு ஒன்று. இரண்டிலும் அளவு எழுதியிருந்தது. நம் ஊரில் சுவர் என்றால் ஒரே சுவர். இங்கே இரண்டு. உள்ளே மரச்சட்டம், பிறகு ஒரு இடைவெளி, அதற்கு வெளியே செங்கல். வீட்டைத் தாங்குவது மரம். செங்கல் சும்மா மேல்சட்டை மாதிரி. உள்கோடு மரத்துக்கு, வெளிக்கோடு செங்கலுக்கு. நான் மாமனாருக்கு உள்கோட்டைப் படித்திருக்கிறேன். இப்போது நிற்கிற வீட்டுக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மறுநாள் மாமனாரைக் கூப்பிட்டேன். "என் பிரண்டு ஒருத்தன் வீடு மாமா. இந்தச் சுற்றளவு. ஆசாரிகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" என்று பொய் சொன்னேன். கோலாக மாற்றி எண்ணைக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "மரணச் சுற்றாக்கும் மோனே. பிரண்டு குடி போயாச்சா?"

"இல்ல மாமா."

"நல்லது. போக வேண்டாம்னு சொல்லு. இல்லேன்னா அடியில சுத்திலும் ஒரு வரிசைக் கல்லு கட்டச் சொல்லு. எத்தனை விரல் கனம்னு ஆசாரிகிட்ட கேட்டுச் சொல்றேன். அளவு மாறிரும். அவங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"இல்ல" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. நான்தான் என்று ஒரு எண்ணம் மட்டும் வந்தது. அது வந்து உட்கார்ந்துவிட்டது. வேலையில், பஸ்ஸில், சாப்பிடும்போது, கூடவே இருந்தது. டாக்டர் காரணம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் சொன்னால் அவள் அந்த வீட்டுக்குள் வரவே மாட்டாள், என்னையும் பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். அந்தக் கல்வரிசையைக் கட்டி முடித்து அளவைச் சரி செய்துவிட்டால் சொல்லாமலே அழைத்துப்போய்விடலாம். அதுதான் என் திட்டம்.

அண்ணனிடம், சுவரின் அடியில் சுற்றிலும் ஒரு வரிசைச் செங்கல் கட்ட வேண்டும் என்றேன்.

"தம்பி, உந்தச் சுவரின்ர அடியில பாருங்கோ, இடைக்கிடை ஓட்டை விட்டிருக்கு. அது தண்ணி கசிஞ்சு வெளிய வாற ஓட்டை. அதை அடைச்சா உள்மரம் உக்கிப்போகும். நீங்கள் வடிவா வீட்டைக் கட்டிப்போட்டு மூக்கைப் பொத்தப்போறியளோ?"

"அடைக்காம கட்ட வழி இல்லையா அண்ணை? சாமி காரியம்."

அவர் குனிந்து பார்த்தார், கையால் அளந்தார். "ஓட்டைக்குக் கீழ கட்டலாம். மண்ணைக் கொஞ்சம் வெட்டி இறக்கி, செங்கலைப் படுக்க வைச்சா ஓட்டை தப்பும். ஆனா மண் கல்லு மாதிரி. நீங்களும் சேந்து வெட்டவேணும்" என்றார்.

எத்தனை விரல் கனம் என்று மாமனார் இன்னும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் சந்தேகப்படுவார் என்று நானும் கேட்கவில்லை. பிப்ரவரி பாதி போய்விட்டது. ஒரு செங்கல் அகலத்தில் தொடங்குவோம், தேவையென்றால் பிறகு பூசிக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம். வடக்கிலிருந்து அனல் காற்று அடிக்கிற நாள். குழைத்த சாந்து தட்டிலேயே காய்ந்தது. முந்தின நாளே மண்ணை வெட்டி வைத்திருந்ததால் வேலை வேகமாகப் போயிற்று. படுக்கையறைச் சுவர் முடிந்து மூலை திரும்பி, பதினோரு மணிக்கெல்லாம் அடுத்த சுவரில் பாதி வந்துவிட்டோம்.

கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. எங்கள் கார்தான். அவள் இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, பக்கவாட்டுச் சந்தில் நடந்து வந்தாள். கையில் ஒரு துண்டுத்தாள்.

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. "வாங்கோ தங்கச்சி, வாங்கோ. உங்கட மனிசன் வீட்டுக்கு அரைஞாண் கட்டிக்கொண்டு நிக்கிறார்" என்றார் சிரித்துக்கொண்டு.

அவள் செங்கல் வரிசையைப் பார்த்தாள். அது மூலையில் திரும்புகிற இடத்தையும் பார்த்தாள். நான் கையிலிருந்த செங்கலைக் கீழே வைத்தேன்.

"அச்சன் ஃபோன் பண்ணினாரு" என்றாள். "உங்க பிரண்டுகிட்டச் சொல்லணுமாம். நாலு விரல் கனம். எழுதிக்கோன்னு சொன்னாரு. எழுதிட்டு வந்தேன்." தாளை நீட்டினாள். "எந்த பிரண்டு சேட்டா? நமக்கு யாரு வீடு கட்டுற பிரண்டு?"

அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்தார். "நான் வானில தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத் தன் வேன் பக்கம் போனார். தண்ணீர்க் குடம் எங்கள் காலடியிலேயே இருந்தது.

சொன்னேன். இரண்டு கோடு இருந்ததையும் உள்கோட்டைப் படித்ததையும் சொன்னேன். மரணம் என்ற வார்த்தையை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"எப்போ தெரியும்?"

"சாவி வாங்கின பிறகு. ரெண்டு மாசம் ஆச்சு பிள்ளே."

"ரெண்டு மாசம்" என்றாள். "ரெண்டு மாசமா நான் என்ன நினைச்சிட்டு இருந்தேன் தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியவில்லை.

"ஆறாம் மாசம், டியூட்டி முடிஞ்சு நான் தனியா இங்க வந்தேன். மரம் மட்டும் நின்னுச்சு. மழை. முற்றம்னு விட்ட எடத்துல போய் நின்னேன். குடை கார்ல இருந்துச்சு, எடுக்கல. வேணும்னுதான் எடுக்கல. நனைஞ்சேன். நல்லா இருந்துச்சு. மூணு நாள் எனக்குக் காய்ச்சல், ஞாபகம் இருக்கா? டியூட்டில ஒட்டிக்கிச்சுன்னு சொன்னேன். உங்களுக்குக் கஞ்சி கூட வைக்கத் தெரியாம கரிச்சு வச்சீங்க."

ஞாபகம் இருந்தது.

"மழைல நனைஞ்சா அப்படி ஆகாது. எனக்குத் தெரியும். நான் படிச்சவ. அதுக்குத்தான் அந்த ரிப்போர்ட்ட மூணு தடவ படிச்சேன், எங்கயாவது எழுதியிருக்கான்னு. நான் ஆசைப்பட்ட முற்றம், நான் போய் நின்ன மழை. அந்த வீட்டுக்குள்ள நான் எப்படி வருவேன்?"

"உன்னால இல்ல. அளவு தப்பு. நான்தான்…"

"பேசாதீங்க."

அவள் குனிந்து, நான் கடைசியாக வைத்த செங்கலைப் பிடித்து இழுத்தாள். சாந்து இன்னும் பிடித்திருக்கவில்லை. செங்கல் வந்துவிட்டது. அதைத் தூக்கி வேலிப் பலகையின் மேல் எறிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். என்னென்னவோ சொன்னாள். மலையாளத்தில் நான் அதற்கு முன் கேட்டிராத வார்த்தைகளும் இருந்தன. ரெண்டு மாதமாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாயே, நீ மனுஷனா என்றாள். நான் நின்றேன். அடித்திருந்தாலும் நின்றிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "இதை இனிமே கட்டாதீங்க."

"அளவு சரியாகணும் பிள்ளே. நான் நம்புறேன்."

"நானும் நம்புறேன். அதுக்குத்தான் சொல்றேன். இதைச் சுத்திக் கட்டி முடிச்சா கணக்கு சரியாயிரும். அப்போ அவன் நாலு விரலுக்குப் போனான்னு ஆயிரும். தினம் காலைல எழுந்து அந்த நாலு விரலப் பாத்துட்டு நான் வேலைக்குப் போகணுமா? எனக்கு முடியாது."

அவள் சொன்னது சாஸ்திரத்துக்குச் சரியா தப்பா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

"சாவி குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். முன்பக்கமாகப் போனாள். நான் பின்னால் போகவில்லை. அண்ணன் வேனிலிருந்து மெதுவாக வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சாந்து காயுது. போடவோ, விடவோ?"

"விடுங்க அண்ணை."

"சரி." குழைத்த சாந்தைப் பார்த்தார். "அப்ப மிச்சத்தை முற்றத்து வடிகால் மூடியைச் சுத்திப் பூசிவிடட்டோ? அது ஆடுது."

"உள்ள அவ இருக்கா."

"இருக்கட்டும். நான் கதைக்க மாட்டன்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் எறிந்த செங்கலைத் தேடி எடுத்துவந்து மற்ற செங்கலோடு அடுக்கினேன். வேலிப் பலகையில் ஒரு கீறல் இருந்தது. இன்றும் இருக்கிறது. பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். முற்றத்தின் கண்ணாடிக் கதவு ஒன்று திறந்திருந்தது. அவள் நிலைப்படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அண்ணன் முன்பே பதித்திருந்த தரை ஓட்டின் மேல் காலை வைப்பதும் சூடு தாங்காமல் எடுப்பதுமாக இருந்தாள். அழுதிருந்தாள். அண்ணன் குனிந்து வடிகாலுக்குப் பூசிக்கொண்டிருந்தார், சொன்னபடியே பேசவில்லை. நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தள்ளி உட்கார் என்று அவள் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று நாள் முன்னால் குடிவந்தோம். பால் காய்ச்சினோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். பொங்கி வழிந்தபோது இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம், அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. கருகல் புகைக்குக் கூரையிலிருந்த அலாரம் கத்த ஆரம்பித்துவிட்டது. சாமி படத்தைக் கிழக்குப் பார்த்து மாட்டினேன். சீட்டையும் கறுப்பு நூலையும் அதே இடத்தில் வைத்தேன். சீட்டின் பின்பக்கத்தில் உண்மையான சுற்றளவையும் எழுதினேன். சாமியிடம் அளவைச் சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

முதல் மழை மார்ச்சில் வந்தது. நான்கு சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் விழுந்தது. அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றாள். நான் வடிகாலில் தண்ணீர் சரியாகப் போகிறதா என்று பார்த்தேன். போயிற்று. குளிர் வந்தது, கதவைச் சாத்தினோம்.

2013இல் மாமனார் மூன்று மாத விசாவில் வந்தார். வந்த மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்தார். சமையலறை ஜன்னல் வழியாக நானும் அவளும் பார்த்துக்கொண்டிருந்தோம். படுக்கையறைச் சுவரின் அடியில் நின்றார். செங்கல் வரிசையைக் காலால் தொட்டுக்கொண்டே நடந்து, மூலை திரும்பி, அது முடிகிற இடத்தில் நின்றார். நிமிர்ந்து சுவரின் நீளத்தைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

உள்ளே வந்து வாய் கொப்பளித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மோளே, இதுதானா அந்த பிரண்டோட வீடு?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஆமா அச்சா."

அவர் தலையை ஆட்டினார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒரு தோசை சாப்பிட்டு முடித்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"என் கட்டிலை வடக்குப் பாத்துல்லா தலை வச்சுப் போட்டிருக்க? சாப்பிட்டுட்டு ஒரு கை பிடி மோனே, தெற்கே மாத்திப் போடலாம்."